ஐஸ் டீ ஏஜென்சி எடுக்க வரும் தம்பிகளுக்கு

சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியைச் சுற்றி கூல்டிரிங்க்ஸ் லைன் ஓட்டியே குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான். வெளிநாட்டு லெமன், பீச் ஐஸ் டீ பாட்டிலை இறக்கி விற்கலாமா என்று இப்போது இளைஞர்கள் கேட்கிறார்கள். தாராளமாக விற்கலாம். ஆனால் சேலத்துக்குக் கடல் கிடையாது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு சுமார் 340 கிலோமீட்டர் லாரியில் வந்துதான் நம் குடோனைத் தொடும். கடையில் இறக்கி வைத்ததை விற்பனை என்று நினைக்காதீர்கள். குடித்தவர் மறுபடி கேட்டு, கடைக்காரர் இரண்டாவது ஆர்டர் சொன்னால்தான் அது விற்பனை. கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது ஆர்டருக்கான வழிதான்.

1. எடுத்ததும் கன்டெய்னர் வேண்டாம். அரை லிட்டர் பாட்டில் 24 கொண்ட ஒரு கேஸ் 12 கிலோவுக்கு மேல் எடை வரும். அதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீருக்குத்தான் கப்பல் வாடகையும் லாரி வாடகையும் கட்டுகிறோம். சுங்கத் தீர்வையும் சரக்கு விலையோடு கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் சேர்த்த தொகைக்கே போடுவார்கள். நேரடியாக இறக்க ஐ.இ.சி. என்ற இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமமும் வேண்டும். முதல் கோடையில் ஏற்கெனவே இறக்குமதி செய்பவரிடம் சில கேஸ்கள் வாங்கி லைனில் விட்டுப் பாருங்கள்.

2. விலை கேட்கும் முன் தேதி கேளுங்கள். சுங்கத்தில் விடுவிக்கும்போது உணவுப் பொருளுக்கு ஆயுளில் 60 சதவீதமாவது மீதி இருக்க வேண்டும், அல்லது காலாவதிக்கு மூன்று மாதம் இருக்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அது போதும் என்பது விதி. அதாவது, ஓராண்டு ஆயுள் உள்ள ஐஸ் டீ மூன்று மாதம் மட்டுமே மீதி இருந்தாலும் சட்டப்படி உள்ளே வரலாம். யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். பேட்ச் எண்ணும் தேதியும் தெரியும்படி கேஸின் போட்டோவை வாங்கிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

3. லேபிளைப் படித்துப் பாருங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, உரிம எண், சைவப் பச்சைப் புள்ளி, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அதிகாரி வரும்போது மாட்டிக்கொள்பவர் நம்மை நம்பி வாங்கிய கடைக்காரர். 'கூலிங் சார்ஜ்' என்று எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதும் சட்டப்படி தவறு. அதைக் கடைக்காரரிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

4. வரியை ஊகிக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாயு ஏற்றிய இனிப்புப் பானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், பழச்சாறு சேர்ந்த, வாயு இல்லாத பானத்துக்கு 5 சதவீதம். இடையில் இவ்வளவு தூரம் இருக்கும்போது, ஐஸ் டீ எந்த எச்.எஸ்.என். (சரக்கு வகைப்பாடு) எண்ணில் வருகிறது என்பதை பில்லில் பார்த்து, ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கடை விலை போட வேண்டும். ஒரே ஒரு வரித் தவறு முழு லாபத்தையும் தின்றுவிடும்.

5. குடோனில் வெயில் விழக் கூடாது. சித்திரை வெயிலில் நம் ஊர் ஷீட் கூரையின் கீழ் நிற்கவே முடியாது. அங்கே அடுக்கிய தேநீரின் நிறமும் மணமும் சீக்கிரம் மங்கும். தரையில் மரப்பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும். ஐஸ் டீயில் பெரும்பாலும் வாயு இருக்காது. அப்படிப்பட்ட பாட்டில் உப்பியிருந்தாலோ, மூடி திறக்கும்போது 'புஸ்' என்றாலோ அது கெட்டிருக்கக்கூடும், கொட்டிவிடுங்கள். நன்றாகக் குளிர்ந்ததும் லேசான கலங்கல் தெரிவது வேறு. தேயிலையின் பாலிபினாலும் காஃபினும் குளிரில் சேர்வதால் சில டீயில் அப்படி ஆகும். ஒரு பாட்டிலை வெளியே வைத்து, குளிர் விட்டதும் தெளிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இந்த விவரம் கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கும் திரும்பி வரும்.

6. ஃப்ரிட்ஜ் பார்த்துக் கடை பிடியுங்கள். பெரிய கம்பெனி கொடுத்த ஃப்ரிட்ஜில் அடுத்தவர் பாட்டிலை வைக்க விடமாட்டார்கள். சொந்த ஃப்ரிட்ஜ் உள்ள பேக்கரி, ஜூஸ் கடை, மெஸ் இவைதான் நம் லைன். கோரிமேட்டில் கல்லூரிப் பிள்ளைகள் மதியம் வாங்குவார்கள். அடிவாரத்தில் மலையேறும் வண்டிகள் வாங்கும். மேலே ஏற்காட்டில் சாயங்காலமானால் குளிர். அங்கே கேட்பது ஆவி பறக்கும் டீயைத்தான். கோடை விழா நாட்களையும் சனி, ஞாயிறு பகலையும் தவிர மலைக்கு அதிகம் ஏற்றாதீர்கள்.

7. ருசி காட்டாமல் விற்காது. "டீயை எதுக்குங்க ஜில்லுன்னு குடிக்கணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் இந்தியத் தேயிலைக்காக நின்ற ரிச்சர்ட் பிளெச்சிண்டன், வெயிலில் சூடான டீயை யாரும் தொடாததால் ஐஸ் போட்டுக் கொடுத்தார் என்று சொல்வார்கள். ஐஸ் டீ அதற்கு முன்பே உண்டு. அதைக் கூட்டத்தின் கையில் கொடுத்தது அவர் செய்த வேலை. நீங்களும் சின்னப் பேப்பர் கப்பில் நன்றாகக் குளிர்ந்ததை ஊற்றி, முதலில் லெமன் கொடுங்கள்; எலுமிச்சை நம் நாக்குக்குப் பழகியது. பீச் பிறகு வரட்டும்.

8. பில்லுக்கு பில் வசூல். "அடுத்த லைன்ல தர்றேன் தம்பி" என்றால், "பழைய பில்லை முடிச்சுட்டு புதுசு இறக்கறேங்கண்ணா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். டேமேஜ், எக்ஸ்பைரி யார் பொறுப்பு என்பதை முதல் நாளே பில்லில் எழுதுங்கள். தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே நீங்களாகப் போய் மாற்றிக் கொடுத்தால் அந்தக் கடை உங்களை விடாது.

9. உள்ளூர்ச் சரக்கை மதியுங்கள். 2017 மார்ச் 1 முதல் தமிழக வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தபோது, 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் போவண்டோவைத் தேடி வந்தவர்கள் அதிகம். கடைத் தட்டில் இடம் கிடைப்பதும் போவதும் ஒரே நாளில் நடக்கும். பன்னீர் சோடாவும் போவண்டோவும் ஏற்றிய வண்டியில் ஐஸ் டீயும் போகட்டும். அதை மட்டுமே நம்பி டீசல் போடாதீர்கள்.

10. காலி பாட்டிலும் நம் பொறுப்பு. பிளாஸ்டிக் பாட்டிலில் சரக்கு இறக்குமதி செய்பவர், அந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்கும் கடமைக்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் குளிர்பான பாட்டில்களுக்கே தடை வந்துவிட்டது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை வைத்துப் பிழைக்கும் நாம், யாரும் சொல்லும் முன்பே கடைக்குக் கடை சாக்கு வைத்துக் காலி பாட்டிலைத் திரும்ப எடுப்போம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கடைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இறக்கிய கேஸ் ஒரு வரிசையில், கடைக்காரராகக் கேட்ட கேஸ் இன்னொரு வரிசையில். கோடை முடிந்ததும் இரண்டாவது கணக்கை மட்டும் கூட்டுங்கள். அந்தக் கணக்குப்படி ஒரு கன்டெய்னர் தேதிக்குள் விற்றுத் தீரும் என்றால் தைரியமாக இறக்குமதியில் இறங்குங்கள். இல்லையென்றால் இன்னொரு கோடை பொறுங்கள். முதல் கையில் இருக்கும், கடைக்காரர்களின் நம்பிக்கையும் இருக்கும்.