எந்த முனையில் மாட்டுவது?

அன்புள்ள நண்பருக்கு,

டைனாகோ ஸ்டீரியோ 70 வால்வு ஆம்ப்ளிஃபயர் கைக்கு வந்திருக்கிறது. ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்றிருக்கிறது, மீட்டர் வைத்தால் 6 காட்டுகிறது, எந்த முனையில் மாட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். 8 என்று போட்ட முனையில் மாட்டுங்கள். மீட்டர் அளப்பது காயிலின் டிசி மின்தடையை மட்டும். பாட்டு ஓடும்போது இருக்கும் இம்பீடன்ஸ் வேறு. அதுவும் ஓரிடத்தில் நிற்காது. அதே ஸ்பீக்கர், பேஸ் ஒலியில் ஒத்ததிர்வு வரும் இடத்தில், 30 ஓமைக்கூடத் தாண்டிவிடும். முதுகில் போட்டிருப்பது உத்தேசக் கணக்கு.

4, 8, 16 என்று மூன்று முனை எதற்கு? 1959-இல் வந்த அந்த ஆம்ப்ளிஃபயரில் சேனலுக்கு இரண்டு இஎல்34 வால்வுகள். நானூறு வோல்ட்டுக்கு மேல் வாங்கிக்கொண்டு, கொஞ்சமாகத்தான் கரண்ட் ஓட்டும். அவற்றுக்குச் சுமார் 4300 ஓம் லோடு வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கரை 4300 ஆகக் காட்டுவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. சுற்றுகளின் விகிதம் 23-க்கு 1 என்றால், இம்பீடன்ஸ் அதன் வர்க்கமாக, ஐந்நூறு மடங்குக்கு மேல் பெருகும்.

இப்போது மாற்றி மாட்டிப் பாருங்கள், காகிதத்தில்தான். 4 ஓம் ஸ்பீக்கர் 8 முனையில் இருந்தால் வால்வுக்குத் தெரிவது 2150. சத்தம் ஏற்றினால் கரண்ட் கூடும், ஒலி சிதையும், வால்வும் சீக்கிரம் தேயும். 8 ஓம் ஸ்பீக்கர் 4 முனையில் என்றால் 8600. உச்ச வாட் குறையும், வீட்டில் கேட்கிற சத்தத்துக்கு வேறு கேடில்லை. சந்தேகம் வந்தால் சின்ன எண்ணுக்குப் போங்கள் என்பேன். பேஸ் கொஞ்சம் இறுக்கமாகக்கூடக் கேட்கும். சிலருக்கு அது பிடிக்காது, அது வேறு விஷயம்.

உண்மையில் பயப்பட வேண்டியது கழன்ற ஸ்பீக்கர் ஒயருக்கு. டிரான்சிஸ்டர் செட்டில் ஷார்ட் ஆகக் கூடாது என்று பதறுவோம்; வால்வில் லோடே இல்லாமல் பாட்டு ஓடுவதுதான் ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்ட்டேஜ் எகிறி, உள்ளே இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும். வால்வு போனால் புதிது வாங்கலாம், பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவீர்கள்? முனை மாற்றும்போதெல்லாம் செட்டை அணைத்துவிடுங்கள். ரொம்ப காலம் சும்மா கிடந்த செட் என்றால், ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன்னால் ஃபில்டர் கெப்பாசிட்டரைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்.