தோட்டத்துக்கு ஒரு தொழில்நுட்ப எழுத்தாளர்: ஆளைத் தெரிவு செய்வது எப்படி?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் எழுத்து வேலை ஏராளம். மருந்து கலக்கும் முறை, ரோலரைத் துப்புரவு செய்யும் முறை, டிரையரின் வெப்பப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். ஐஎஸ்ஓ 22000, ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ்களுக்காக வரும் கணக்காய்வாளர்கள் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். கோப்பு ஆங்கிலத்தில் பளபளத்தாலும், மருந்து அடிப்பவருக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாவிட்டால் அது அலுமாரிக்கு மட்டும்தான் உதவும்.

இந்த வேலைக்கு ஆள் தேடும் தோட்ட முகாமையாளர்களுக்கு என் ஆலோசனை ஒன்றுதான்: விண்ணப்பதாரியின் சான்றிதழைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எழுத வையுங்கள், எழுதியதை வேலைத்தளத்திலேயே பரீட்சித்துப் பாருங்கள்.

தொழிலாளிக்குப் புரியும்படி எழுதும் பணி மலையகத்துக்குப் புதிதல்ல. 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர், தொழிலாளர் சட்டத்தைத் தமிழில் புத்தகமாக எழுதிக் கொடுத்தவர்.

1. முதலில் வேலையை வரையறுங்கள்

முதல் ஆறு மாதத்தில் எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: யார் வாசிப்பார்? எங்கே நின்று வாசிப்பார்? தவறாகப் புரிந்துகொண்டால் என்ன நடக்கும்? மூன்றாவது கேள்விக்கு "விரல் போகும்" என்பது பதிலானால், அந்தத் தாளை முதலில் எழுத வேண்டும்.

2. மாதிரிகளைக் கேளுங்கள்

விண்ணப்பதாரி முன்பு எழுதிய இரண்டு பக்கங்கள் போதும். பாடசாலை அறிவித்தலோ, கூட்டுறவுச் சங்கத்தின் படிவ விளக்கமோ எதுவாகவும் இருக்கலாம். "இதை யாரிடம் கேட்டு எழுதினீர்கள்? வாசித்தவர் எங்கே தடுமாறினார்?" என்று விசாரியுங்கள். உண்மையில் உழைத்து எழுதியவர் உடனே விவரம் சொல்வார்.

3. அரை நாள் சோதனை

இதுதான் தெரிவின் உயிர்நாடி. அரை நாள் கூலி கொடுத்து, விண்ணப்பதாரியை மருந்துக் களஞ்சியத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 16 லீற்றர் தெளிகருவியில் மருந்து கலப்பதைக் காட்டி, ஒரு பக்கத் தாள் எழுதச் சொல்லுங்கள்.

ஒருவர் இப்படி எழுதலாம்: "உரிய பாதுகாப்பு உபகரணங்கள் அணியப்பட்டு, கலவை சரியான அளவில் தயாரிக்கப்படல் வேண்டும்." இலக்கணப் பிழை இல்லை. ஆனால் எது உரியது, எவ்வளவு சரியானது என்பது வாசிப்பவருக்குத் தெரியாது.

இன்னொருவர் இப்படி எழுதலாம்: "கையுறை, பூட்ஸ், முகமூடி போடுங்கள். டாங்கியில் பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். மருந்தை அளவுக் குவளையால் அளந்து ஊற்றுங்கள். மீதித் தண்ணீரை ஊற்றிக் கலக்குங்கள்." இவரே உங்களுக்கு வேண்டியவர். "எத்தனை மில்லிலீற்றர்? காலிப் போத்தலை எங்கே போடுவது?" என்றும் கேட்டிருந்தால் இன்னும் நல்லது.

பிறகு அந்தத் தாளை, மருந்து கலந்து பழகாத ஒரு தொழிலாளியிடம் கொடுத்து, வெறும் தண்ணீரில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவரானால் வாசித்துக் காட்டுங்கள். செய்து முடிக்கும்வரை விண்ணப்பதாரி வாய் திறக்கக் கூடாது. தொழிலாளி தடுமாறிய இடத்துக்கு விண்ணப்பதாரி பிறகு அவரைக் குறை சொல்கிறாரா, தன் வரியைத் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். திருத்துபவரை நம்பி எடுக்கலாம்.

4. விதி மாறினால் என்ன செய்வார்?

2015இல் கிளைபோசேட்டுக்குத் தடை வந்தது. தோட்டங்கள் வேறு களைநாசினிகளுக்குப் போயின. 2018இல் இலங்கைத் தேயிலையில் எம்சிபிஏ என்ற களைநாசினியின் எச்சம் இருப்பதாக ஜப்பான் ஆட்சேபித்தது. அதே ஆண்டு தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடை அந்த ஆண்டு முடியும் முன்னரே விலகியது. ஒவ்வொரு முறையும் தாள் மாற வேண்டும். "பழைய தாளை எப்படித் திரும்பப் பெறுவீர்கள்?" என்று நேர்முகத்தில் கேளுங்கள். திகதி, பதிப்பு எண், ஒட்டிய இடங்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் சொல்பவர் வேலை தெரிந்தவர்.

5. புள்ளி போடுங்கள்

சோதனைத் தாளுக்கு 40, கேட்ட கேள்விகளுக்கு 25, திருத்தத்தை ஏற்ற விதத்துக்கு 20, சிங்களம், ஆங்கிலம், கணினிக்கு 15. டீமேக்கர், வெளிக்கள உத்தியோகத்தர், ஒரு தொழிலாளி ஆகிய மூவரும் தனித்தனியே போடட்டும், பிறகு கூட்டுங்கள். மனம் கவர்ந்த பேச்சுக்காரர் முந்திவிடாமல் இது தடுக்கும்.

விளம்பரத்தைக் கொழும்போடு நிறுத்திவிடாதீர்கள். தோட்டப் பாடசாலை அதிபர்களுக்கும் அனுப்புங்கள். லயத்தில் வளர்ந்து உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்குப் பெரட்டுக்களத்தின் பேச்சும் தெரியும், ஒபிசின் எழுத்தும் தெரியும். அவர்களுக்கும் இதே சோதனையை வையுங்கள், சலுகை வேண்டாம். தேறியவருக்கு உரிய சம்பளத்தைக் கொடுத்து, ரோலர் தாளை முதல் வேலையாக ஒப்படையுங்கள்.