மடிக்கணினி வாங்குமுன்

நம் அங்கத்தினரின் மக்கள் பலர் கல்லூரிக்கும் ஊருக்குமாகப் பஸ்ஸில் அலைகின்றனர். அவர்களுக்கு மடிக்கணினி வாங்குவோர் முதலில் எடையைக் கேட்பது முறையே. 14 அங்குலத் திரையுள்ளது 1.4 கிலோவுக்குள் இருப்பின் தோளுக்கு நலம். ஆனால் விளம்பரத்தில் காணும் எடையில் சார்ஜர் சேராது. அதுவே சிலவற்றில் கால் கிலோவைத் தாண்டும். நூல் வாங்குகையில் கோனின் எடையைக் கழித்துப் பார்க்கும் நாம், இங்கே சார்ஜரின் எடையைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. மெல்லிய கணினிகள் பலவற்றில் ‘ராம்’ என்னும் நினைவகம் உட்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட இயலாது. 8 ஜி.பி. போதுமென இன்று மிச்சம் பிடித்தால், மூன்றாம் ஆண்டில் கணினி திணறும். கடன் தவணையோ நிற்காது. 16 ஜி.பி. உள்ளதையே கேளுங்கள். பணம் போதாவிடில் திரையின் பகட்டைக் குறைத்துக்கொள்ளலாம். பாட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று கடைக்காரர் சொல்வதை விட்டு, அதன் ‘வாட் அவர்’ எண்ணைப் பாருங்கள். 50க்குக் குறைந்தால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.