சிறைக் கம்பிக்குள் மனநோய் குணமாகுமா?

இவ்வாரப் பாடத்தை ஒரு சிறு கணக்குடன் தொடங்குவோம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மயாமி-டேட் என்றொரு மாவட்டம் உள்ளது. அங்குக் கடுமையான மனநோயால் பாதிக்கப்பட்டு, திரும்பத் திரும்பக் கைதான 97 பேரைப் பற்றி ஆய்வாளர்கள் கணக்கெடுத்தனர். ஐந்தாண்டுகளில் அவர்கள் ஏறத்தாழ 2,200 முறை கைதாகியிருந்தனர். அவர்கள் சிறையில் கழித்த நாள்களைக் கூட்டினால் 27,000 வருகிறது. ஒருவர் சராசரியாக எத்தனை முறை கைதானார்? வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 23 முறை!

ஒரு மருந்தை 23 முறை கொடுத்தும் நோய் குறையவில்லை என்றால் மருத்துவர் என்ன செய்வார்? மருந்தை மாற்றுவார். அப்படியானால், சிறை என்ற ‘மருந்து’ இவர்களிடம் ஏன் வேலை செய்யவில்லை? விடை உங்கள் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

தூண்டலும் துலங்கலும்

தூண்டல், துலங்கல் பற்றிப் படிவம் 3-இல் படித்திருப்பீர்கள். காது ஒலியை வாங்குகிறது, மூளை அதற்குப் பொருள் காண்கிறது, உடல் செயல்படுகிறது. ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயில் காதிலோ கைகால்களிலோ கோளாறு இல்லை. நடுவில், பொருள் காணும் இடத்தில்தான் சிக்கல்.

உங்கள் விரலால் உங்கள் உள்ளங்காலை வருடிப் பாருங்கள். அவ்வளவாகக் கூசாது. அதையே உங்கள் தம்பி செய்தால் துள்ளிக் குதிப்பீர்கள். ஏன்? விரலை அசைக்க ஆணையிடும்போதே மூளை அந்த ஆணையின் நகல் ஒன்றை உணர்வுப் பகுதிக்கும் அனுப்பிவிடுகிறது. “இது நாமே செய்வது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே” என்பதே அதன் பொருள். நாம் பேசும்போதும், மனத்துக்குள் பேசிக்கொள்ளும்போதும் இப்படித்தான் நடக்கிறது. மனச்சிதைவு நோயில் இந்த நகல் சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களுள் முக்கியமானது. அதனால் தம் சொந்த எண்ணமே வேறொருவரின் குரலாகக் கேட்கிறது.

அடுத்தது டோபமின். நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருள்களுள் இதுவும் ஒன்று. எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க இது மூளைக்கு உதவுகிறது. இந்நோயில் மூளையின் சில பகுதிகளில் டோபமின் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அப்போது தெருவில் போகும் காரும், பக்கத்தில் ஒருவர் இருமுவதும்கூடத் தம்மைக் குறிவைத்தே நடப்பதாகத் தோன்றும். 1952-இல் பிரான்சில் மனநோய்ச் சிகிச்சைக்கு வந்த குளோர்புரோமசின் தொடங்கி, பெரும்பாலான மருந்துகள் டோபமின் ஏற்பிகளை அடைத்தே பலன் தருகின்றன. முழுப் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

சிறை அறையில் என்ன நடக்கிறது?

இந்நோய் உள்ள ஒருவர் கடையில் ரொட்டி எடுத்ததற்காகவோ, பிறர் வளாகத்தில் படுத்து உறங்கியதற்காகவோ கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைதானதும் அவர் சாப்பிட்டு வந்த மருந்து தடைபடலாம். இரவு முழுக்க விளக்கும் இரைச்சலும் இருந்தால் தூக்கம் கெடும். தூக்கக் குறைவு மாயக்குரல்களை அதிகமாக்கும். அச்சத்தில் கார்டிசோல் என்ற மனவழுத்த ஹார்மோன் கூடும்.

“வெளியே வா!” என்று காவலர் கத்துகிறார். அதே நேரத்தில் மூன்று குரல்கள் அவர் தலைக்குள் பேசிக்கொண்டிருக்கின்றன. எந்தக் குரல் உண்மை என்று பிரித்தறிவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. துலங்கல் தாமதமாகிறது. காவலர் இதைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்கிறார். தண்டனையாகத் தனியறை கிடைக்கிறது. பேச ஆளில்லாத தனிமையில் குரல்கள் இன்னும் ஓங்குகின்றன. நோய் தண்டனையைக் கூட்டுகிறது. தண்டனை நோயைக் கூட்டுகிறது. விடுதலையாகும் நாளில் அவர் உள்ளே போனதைவிட மோசமான நிலையில் வெளியே வருகிறார். வீடில்லை, மருந்தில்லை, வேலையில்லை. மறுபடியும் கைது. அந்த 23 முறை இப்படித்தான் சேர்ந்தது.

பாதை மாறும் மூன்று இடங்கள்

இந்தச் சுழற்சியை மூன்று இடங்களில் அறுக்கலாம்.

முதலாவது, தெருவில். 1987-இல் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில், கத்தி வைத்திருந்த மனநோயாளி ஒருவரைப் போலீசார் சுட்டதில் அவர் இறந்தார். மக்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அந்நகரப் போலீசில் தனிப்பயிற்சி பெற்ற குழு உருவானது. 40 மணி நேரப் பயிற்சி. மெதுவாகப் பேசுவது, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவது, இடைவெளி விட்டு நிற்பது, சைரனை நிறுத்துவது போன்ற முறைகளை அதில் கற்கிறார்கள். இதில் உள்ள அறிவியலைக் கவனித்தீர்களா? குழம்பியிருக்கும் மூளைக்குத் தூண்டல்களைக் குறைத்தால் சரியான துலங்கலுக்கு நேரம் கிடைக்கிறது.

இரண்டாவது, கைதுக்குப் பிறகு. மயாமி-டேட் நீதிபதி ஸ்டீவன் லெய்ஃப்மன் முன்பு ஒருநாள் ஒருவர் நிறுத்தப்பட்டார். அவரே முன்பு மனநல மருத்துவராகப் பணியாற்றியவர். இப்போது மனச்சிதைவு நோயாளி. மகனைக் காப்பாற்றும்படி பெற்றோர் நீதிபதியிடம் கெஞ்சினர். ஆனால், அவரைச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்திடம் வழியே இருக்கவில்லை. அந்த அனுபவம் லெய்ஃப்மனை உலுக்கியது. 2000-ஆம் ஆண்டில் அவர் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கினார். சிறு குற்றத்துக்காகக் கைதான மனநோயாளி 24 முதல் 48 மணி நேரத்துக்குள் சிறையிலிருந்து சிகிச்சை மையத்துக்கு மாற்றப்படுகிறார். தங்குமிடமும் தொடர் மருத்துவமும் ஏற்பாடு செய்யப்படுகின்றன. இதே நோயிலிருந்து மீண்டவர்களே அவருக்கு வழித்துணையாக வருகிறார்கள். சிகிச்சையை ஒழுங்காகத் தொடர்ந்தால் வழக்கு தள்ளுபடி ஆகலாம்.

மூன்றாவது, தீர்ப்பின்போது. இதற்கு நம் அண்டை நாட்டைப் பார்ப்போம். சிங்கப்பூர் நீதிமன்றங்கள் 2011 முதல் கட்டாயச் சிகிச்சை உத்தரவு பிறப்பிக்க முடிகிறது. குற்றத்துக்கு மனநோயும் ஒரு காரணம், அது சிகிச்சையால் குணப்படுத்தக்கூடியது என்று மனநல மருத்துவர் அறிக்கை தர வேண்டும். அப்போது சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை. தவறாமல் சிகிச்சைக்குச் செல்லாவிட்டால் மீண்டும் நீதிமன்றம்தான்.

எண்களைக் கேள்வி கேட்போம்

மயாமியில் பலன் என்ன? 2010 முதல் 2019 வரை, பயிற்சி பெற்ற போலீசார் மனநலம் தொடர்பான 105,268 அழைப்புகளுக்குச் சென்றனர். அவற்றில் கைதுகள் 198 மட்டுமே. மாவட்டச் சிறைகளில் இருந்தோர் எண்ணிக்கை சுமார் 7,200-இலிருந்து 4,200-ஆகக் குறைந்தது. ஒரு சிறையையே மூடிவிட்டார்கள். திட்டத்தில் சேர்ந்த சிறு குற்றவாளிகளிடையே மீண்டும் கைதாகும் விகிதம் 75 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக இறங்கியது.

கைதட்டும் முன் ஒரு நிமிடம். அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறதே! கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை? சிறையில் ஆள் குறைந்ததற்குப் பொதுவாகக் குற்றங்கள் குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா? திட்டத்தில் சேரச் சம்மதித்தவர்கள் முன்பே குணமடைய விரும்பியவர்களாக இருக்கலாம் அல்லவா? முன்பும் பின்பும் ஒப்பிடுவது மட்டும் முழுச் சான்று ஆகாது. ஆனால், மூளையைப் பற்றி நாம் அறிந்ததும் இந்த எண்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

“அப்படியானால் குற்றம் செய்தவர் தப்பித்துக்கொள்வாரா? பொருளை இழந்த கடைக்காரருக்கு என்ன நியாயம்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மயாமி திட்டம் சிறு குற்றங்களில் தொடங்கி, 2008-இல் சற்றுப் பெரிய குற்றங்களுக்கும் விரிந்தது. கொடிய குற்றங்கள் அதில் அடங்கா. கடைக்காரரின் பார்வையிலும் யோசித்துப் பாருங்கள். அதே ஆள் அடுத்த மாதம் மீண்டும் கடைக்கு வந்து திருடாமல் இருப்பதுதானே அவருக்கும் வேண்டும்?

நம் நாட்டில்

மலேசியாவில் மனநலச் சட்டம் 2001-இன்படி, மனநோயால் தமக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கும் ஒருவரைப் போலீசார் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் தீயணைப்புப் படையினரும் பொதுத் தற்காப்புப் படையினரும் இப்பொறுப்பில் சேர்ந்தனர்.

உங்களுக்கும் ஒரு பங்குண்டு. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. தாக்கப்படுபவர்களாகவே அவர்கள் அதிகம் இருக்கிறார்கள். அடுத்த முறை பேருந்து நிலையத்தில் தனக்குத்தானே பேசும் ஒருவரைக் கண்டால் கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். ‘பைத்தியம்’ என்று சிரிக்காதீர்கள். உள்ளங்கால் கூச்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூளை ஒழுங்காக அனுப்பும் ஒரு நகல், அவருடைய மூளையில் வழிதவறிப் போயிருக்கலாம். நண்பருக்கோ உங்களுக்கோ இத்தகைய அறிகுறி இருந்தால் பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

சிந்தித்து விடை எழுதுக

1. போலீசார் சைரனை நிறுத்திவிட்டு மெதுவாகப் பேசுவது ஏன்? தூண்டல், துலங்கல் என்ற சொற்களைப் பயன்படுத்தி விளக்குக.

2. 105,268 அழைப்புகளில் 198 கைதுகள். ஏறத்தாழ எத்தனை அழைப்புக்கு ஒரு கைது?

3. மயாமி திட்டத்தின் பலனை இன்னும் உறுதியாகச் சோதிக்க நீங்கள் எப்படி ஓர் ஆய்வை அமைப்பீர்கள்?