பழைய வேகக் காரும் ஓம் விதியும்

மாணவர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குவோம். காலையில் சாவியைத் திருப்பியதும் கார் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. பேட்டரி சென்ற மாதம்தான் மாற்றப்பட்டது. அடுத்து எதை மாற்றலாம்? ஸ்டார்ட்டர் மோட்டாரையா? ஆல்டர்னேட்டரையா?

எதையும் மாற்ற வேண்டாம். முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வாரப் பாடம். அதற்குத் தேவையான அறிவியல் நீங்கள் படிவம் 2இல் தொடங்கி படிவம் 5 இயற்பியல் வரை படிக்கும் ஓம் விதிதான்.

எடுத்துக்காட்டுக்கு நம் நாட்டுக் கார் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1983இல் நிறுவப்பட்ட புரோட்டோன் நிறுவனம் 1990களின் இறுதியில் சத்ரியா ஜி.டி.ஐ. என்ற சிறிய வேகக் காரை வெளியிட்டது. அதில் இருந்தது மிட்சுபிஷி வடிவமைத்த 1.8 லிட்டர், 16 வால்வு இயந்திரம். அதன் ஆற்றல் சுமார் 138 குதிரைத்திறன். புரோட்டோன் 1996இல் வாங்கிய பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் அந்தக் காரின் ஓட்டத்தைச் செம்மைப்படுத்தியது. அந்தக் காரை இன்றும் ஆசையோடு பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காருக்கு வயது 20ஐத் தாண்டிவிட்டது. இயந்திரம் உறுதியாக இருந்தாலும் அதன் மின்கம்பிகளுக்கு வயதாகிவிட்டது. இங்கே சொல்லப்படுவது அந்தக் காருக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டில் நிற்கும் பழைய சாகாவுக்கும் விராவுக்கும் பொருந்தும்.

காரின் உடலே ஒரு கம்பி

மின்சுற்று முழுமையாக இருந்தால்தான் மின்னோட்டம் பாயும். அப்படியானால் விளக்குக்குப் போகும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப இன்னொரு கம்பி வேண்டும் அல்லவா? காரில் பெரும்பாலான இடங்களில் அந்தக் கம்பி இல்லை. பேட்டரியின் எதிர்முனை ஒரு தடித்த கம்பியால் காரின் இரும்பு உடலோடும் இயந்திரத்தோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. விளக்கு, ஹாரன், மோட்டார் எல்லாம் தம் மின்சாரத்தை அந்த உடல் வழியாகவே திருப்பி அனுப்புகின்றன. இந்த இணைப்பைப் பட்டறைகளில் 'எர்த்' என்பார்கள்.

புதிய காரில் இந்த இணைப்பு பளபளப்பாக இருக்கும். ஆண்டுகள் போகப் போக இரும்பில் துரு ஏறும். செம்பில் பச்சைக் களிம்பு படரும். கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மேலே பார்த்தால் எல்லாம் இறுக்கமாகத்தான் தெரியும். உள்ளே மின்தடை கூடிக்கொண்டே இருக்கும்.

0.02 ஓம் என்ன செய்துவிடும்?

0.02 ஓம் என்பது மிகச் சிறிய மின்தடை. ஆனால் அதன் விளைவு மின்னோட்டத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மின்னழுத்த இழப்பு = மின்னோட்டம் × மின்தடை

முன்விளக்குகள் இரண்டும் எரியும்போது சுமார் 9 ஆம்பியர் பாய்கிறது. இழப்பு 9 × 0.02 = 0.18 வோல்ட். கண்ணுக்கே தெரியாது.

இயந்திரத்தைச் சுழற்றும்போது ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 150 × 0.02 = 3 வோல்ட்! பேட்டரியில் 10.5 வோல்ட் இருந்தாலும் ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது 7.5 வோல்ட்தான். மோட்டார் முனகும், சுழலாது. அந்தக் களிம்புப் பகுதியில் வெப்பமாக வீணாவது 3 × 150 = 450 வாட். ஒரு சிறிய மின்சாரச் சோற்றுப் பானை எடுக்கும் அளவு ஆற்றல் அது. சாவியைச் சில முறை திருப்பிய பிறகு ஓர் இணைப்பு மட்டும் சூடாகிறது என்றால் காரணம் இதுதான்.

'மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே' என்று நீங்கள் நினைக்கலாம். தெரியாது. சாதாரண மல்டிமீட்டரின் சொந்தக் கம்பிகளிலேயே சில பத்தில் ஒரு பங்கு ஓம் மின்தடை இருக்கும். 0.02 ஓம் அதில் மறைந்துபோகும். மேலும், இருபது இழைகளில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருக்கும் கம்பியைக்கூட மீட்டர் 'நன்றாக இருக்கிறது' என்றே காட்டும். ஏனெனில் மீட்டர் செலுத்துவது மிகச் சிறிய மின்னோட்டம்.

அதனால் சுமை ஓடும்போதே மின்னழுத்த இழப்பை அளக்க வேண்டும். மீட்டரை நேர்மின்னழுத்த அளவில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனைத் தண்டிலும் மற்றொன்றை இயந்திரத்தின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலம். 1, 2 வோல்ட் என்று ஏறினால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது. கம்பியைக் கழற்றி, உலோகம் தெரியத் தேய்த்து, மீண்டும் இறுக்கினாலே பல கார்கள் கிளம்பிவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

பேட்டரியா, கம்பியா?

பேட்டரிக்கும் அகத்தடை உண்டு. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, 150 ஆம்பியர் கொடுக்கும்போது 10.5க்கு இறங்கினால் அகத்தடை 2.1 ÷ 150 = 0.014 ஓம். பேட்டரி முதுமையடைய இந்த மதிப்பு உயரும். சுழற்றும்போது பேட்டரித் தண்டுகளிலேயே 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம். அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கலாம். தண்டுகளில் 10.5 இருந்தும் ஸ்டார்ட்டரில் 7.5தான் வருகிறதென்றால் இடையில் உள்ள கம்பியே காரணம். இரண்டு இடத்தில் அளந்தால் விடை கிடைத்துவிடுகிறது.

நம் ஊர்ச் சூழல்

மழையும் வெப்பமும் மாறி மாறி வரும் இடம் பேராக். தீபகற்பத்திலேயே மழை மிகுந்த ஊர் என்று பெயர் பெற்ற தைப்பிங் இங்கேதான் இருக்கிறது. ஈப்போவில் வெயிலில் நின்று, மாலை மழையில் நனையும் காரில் ஈரம் இணைப்பிகளுக்குள் புகும். ஈரம், உப்புகள், இரு வேறு உலோகங்கள் மூன்றும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்வேதியியல் கலமே உருவாகி உலோகத்தை அரிக்கும்.

கம்பியின் மேலுறைக்கும் நம் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அமைந்தது, மலாய் நாட்டுக் காடுகளிலும் வளர்ந்த தாபான் மரத்தின் பால். 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதன் பின் பேராக்கில் பால்மரத் தோட்டங்கள் பெருகின; ரப்பரும் கம்பிகளுக்கு உறையானது. இன்று காரின் கம்பிகளுக்குப் பெரும்பாலும் பி.வி.சி. உறை. அதை வளைய வைக்கும் மென்மையாக்கி, இயந்திர வெப்பத்தில் மெல்ல வெளியேறிவிடும். பிறகு உறை விறைத்து வெடிக்கும். வேகக் காரில் இயந்திர அறை இன்னும் சூடாக இருப்பதால் இது விரைவில் நடக்கும்.

கதவுக்கும் உடலுக்கும் இடையில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதற்குள் செல்லும் கம்பிகள் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வளைந்து நிமிர்ந்து, கடைசியில் முறியும். கதவைப் பாதி திறந்தால் மட்டும் மின்கண்ணாடி இறங்குகிறதா? முதலில் அந்தக் குழாய்க்குள் பாருங்கள்.

சுங்கை சிப்புட் போன்ற இடங்களில் பழைய தோட்டப் பகுதிகளில் கார் நிறுத்துபவர்களுக்கு இன்னொரு தொல்லை: எலி. பால்மரம் போய் செம்பனை வந்த இடங்களில் எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகை ஆந்தைகளுக்குப் பெட்டி வைத்து வளர்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாரக்கணக்கில் ஓடாத கார் எலிக்கு நல்ல வீடு. கம்பி உறை பல் தீட்ட நல்ல பொருள்.

மங்கும் விளக்கு

விளக்கு வழியில் மொத்தம் 0.15 ஓம் கூடுதல் மின்தடை இருந்தால் 9 × 0.15 = 1.35 வோல்ட் இழப்பாகும். 13.8 வோல்ட்டில் இது ஏறக்குறைய 10 விழுக்காடு. வெளிச்சமும் 10 விழுக்காடுதான் குறையுமா? இல்லை. இழை விளக்கின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 10 விழுக்காடு மின்னழுத்தம் போனால் சுமார் 30 விழுக்காடு வெளிச்சம் போய்விடும். இருட்டான தோட்டச் சாலையில் எதிரே வரும் சைக்கிளைக் காண அந்த 30 விழுக்காடு தேவை. அதிக வாட் பல்பு போட்டால் மின்னோட்டம் கூடி இழப்பும் கூடும். விளக்குத் தாங்கியை உருகவைப்பதும் அதுவே.

இரவில் தீரும் பேட்டரி

கார் அணைந்திருக்கும்போதும் கடிகாரம், அலாரம் போன்றவை சிறிது மின்சாரம் எடுக்கும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் 0.03 ஆம்பியர் கசிந்தால் 1500 மணி நேரம், அதாவது இரண்டு மாதம் தாங்கும். அணையாத ஒலிபெருக்கி 0.5 ஆம்பியர் எடுத்தால் 90 மணி நேரம். நான்கு நாள்கூட இல்லை. பாதி தீர்ந்தாலே கார் கிளம்பாது. பின்பெட்டி விளக்கு, பிறகு பொருத்திய அலாரம், ஒலிபெருக்கி ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எப்போது கசிவு நிற்கிறது என்று பார்த்தால் எந்தச் சுற்று என்பது தெரியும்.

ஆல்டர்னேட்டர்

படிவம் 3இல் படித்த மின்காந்தத் தூண்டல்தான் இங்கே வேலை செய்கிறது. ஆல்டர்னேட்டர் மாறுமின்னோட்டம் உண்டாக்கும். டையோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்கும். இயந்திரம் ஓடும்போது பேட்டரித் தண்டுகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். 12.5க்குக் கீழே என்றால் மின்னூட்டம் நடக்கவில்லை. 15ஐத் தாண்டினால் சீராக்கி கெட்டிருக்கலாம். பேட்டரியும் கணினியும் பாழாகும்.

காரின் கணினி

1990களில் வந்த மிட்சுபிஷி கார்கள் பலவற்றின் இயந்திரக் கணினிக்குள் மின்பகுளி மின்தேக்கிகள் உண்டு. அவை முதுமையில் கசிந்து பலகையின் செம்புப் பாதைகளை அரிக்கும். வெப்பநிலை 10 பாகை கூடினால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கணினிப் பெட்டியைத் திறந்தால் மீன்வாடை போன்ற நெடி வருவது கசிவின் அடையாளம்.

இன்னொன்று முக்கியம். இயந்திரம் சும்மா ஓடும்போது காற்றளவைச் சரிசெய்யும் ஒரு சிறு மோட்டார் உண்டு. மிட்சுபிஷி இயந்திரங்களில் அதன் சுருள்களின் மின்தடை சுமார் 30 ஓம். 12 ÷ 30 = 0.4 ஆம்பியர். சுருள் உள்ளுக்குள் குறுக்குச்சுற்றாகி 5 ஓம் ஆனால் 2.4 ஆம்பியர் பாயும். அதை இயக்கும் கணினியின் டிரான்சிஸ்டர் கருகிவிடும். மோட்டாரை அளக்காமல் கணினியை மட்டும் மாற்றினால் புதிய கணினியும் அதே வழியில் போகும். இரண்டு முறை பணம் கொடுத்தும் கார் சரியாகாது. ஒரு நிமிட ஓம் அளவை ஒரு குடும்பத்தின் பல நூறு ரிங்கிட்டைக் காப்பாற்றும் இடம் இது.

பியூஸோடு விளையாடாதீர்கள்

பியூஸ் காப்பது கருவியை மட்டும் அல்ல, கம்பியையும்தான். 15 ஆம்பியர் நீலப் பியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக 30 ஆம்பியர் பச்சைப் பியூஸைப் போட்டால், கம்பியில் இரு மடங்கு மின்னோட்டம் பாயலாம். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது நான்கு மடங்கு. சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டால் எல்லையே இல்லை. பியூஸ் உருக வேண்டிய இடத்தில் கம்பி உருகும், உறை தீப்பிடிக்கும்.

கவனம்

பெரியவர் ஒருவர் உடன் இருக்கும்போது மட்டும் அளந்து பாருங்கள். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றுங்கள். கியர் நியூட்ரலிலும் கைபிரேக் இழுத்தும் இருக்கட்டும். சுழலும் பெல்ட்டின் அருகே கையோ கம்பியோ போகக் கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், தீப்பொறி ஆகாது. தீப்பொறிச் செருகிக் கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு. இயந்திரம் ஓடும்போது தொடாதீர்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. சுழற்றும்போது இயந்திரத்துக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே 2.4 வோல்ட் காட்டுகிறது. மின்னோட்டம் 120 ஆம்பியர். எர்த் கம்பியின் மின்தடை எவ்வளவு? வீணாகும் ஆற்றல் எத்தனை வாட்?

2. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் 0.8 ஆம்பியர் கசிகிறது. முழுதும் தீர எத்தனை மணி நேரம்?

3. ஹாரன் அடித்தால் முன்விளக்கு மங்குகிறது. விளக்கைத் தனியாக எரித்தால் மங்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாக எது இருக்கலாம்?

விடைகள்: 1) 0.02 ஓம், 288 வாட். 2) 75 மணி நேரம். 3) ஒரே எர்த் இணைப்பு அல்லது ஒரே மின்வழி, அதில் மின்தடை கூடியிருக்கிறது.