கேதார்காந்தா ஏறப் போகிறவர்களுக்கு

உத்தராகண்டின் சாங்க்ரி கிராமத்தில் தொடங்கி, ஜூடா கா தாலாப் ஏரி வழியாக ஏறினால் கேதார்காந்தா சிகரம். உயரம் சுமார் 12,500 அடி. பனிக்காலத்தில் முதன்முறை மலையேறும் நம்மூர்ப் பிள்ளைகள் பலரும் இங்கேதான் போகிறார்கள். அங்கே கேமராவோடு போய் அசடு வழிந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

1. பருத்தி பனியன் வேண்டாம். ஏறும்போது குளிரிலும் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தை விடாது. நின்றதும் உடம்பு வெடவெடக்கும். வியர்ப்பதற்கு முன்பே ஒரு சட்டையைக் கழற்றுங்கள், நின்றதும் மாட்டுங்கள். இதில் சோம்பல் ஆகாது.

2. பேட்டரியை முதுகுப்பையில் வைக்காதீர்கள். முதல் பயணத்தில் நான் முழு சார்ஜ் போட்டுப் பையிலேயே விட்டேன். விடியலில் எதிரே சுவர்க்காரோகிணி சிகரம் சிவக்கிறது. இரண்டே படம், குளிரில் கேமரா செத்துவிட்டது. பேட்டரியை அக்குளில் இடுக்கிச் சூடேற்றினேன். உயிர் வந்தது, ஆனால் அந்த வெளிச்சம் போய்விட்டது. அன்று முதல் பேட்டரிகள் பகலில் உள்சட்டைப் பையில், இரவில் என்னோடு ஸ்லீப்பிங் பேக்கில்.

3. வெண்பனியைக் கேமரா நம்பாது, சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை +1 வரை ஏற்றி, ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். நிழலில் தெரியும் நீலம் வானத்தினுடையது. அதைத் துடைத்து வெள்ளையாக்குகிறவர்கள்மேல் எனக்குக் கோபம்.

4. சூடான அறைக்குள் போகுமுன், வெளியிலேயே கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். மே மாதத்தில் ஏசி அறையைவிட்டு வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதேதான் லென்ஸுக்கும் நடக்கும்.

5. கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும்.

6. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேற்புறத்திலிருந்துதான் உறையும், மூடிப்பக்கம் அடைக்காது.

7. வியூஃபைண்டரில் கண் வைத்தபடி ஓர் அடிகூட நகராதீர்கள்.

8. தலைவலியை மறைக்காதீர்கள். உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் உடனே இறங்க வேண்டும். வழிகாட்டி “திரும்பலாம்” என்றால் பேரம் பேசாதீர்கள். ஒருமுறை அப்படித்தான் திரும்பினேன். அன்று உறைந்த ஏரிக்கரையில் எடுத்த படம்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.