வெயிலில் எதற்கு ஃபிளாஷ்?

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் வாசலில், உச்சி வெயிலில் குடும்பப் படம் எடுத்தேன். கோபுரம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. முகங்களோ கறுத்து, கண்குழியெல்லாம் நிழல். கேமரா கோளாறா?
– வாசகர், தாடிக்கொம்பு

கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. வெயில் தலைக்கு மேலிருந்து இறங்கும்போது புருவமும் மூக்கும் முகத்தில் நிழல் போடும். அதை நிரப்பத்தான் பகலிலும் ஃபிளாஷ்.

பக்கத்தில் மர நிழல் இருந்தால் எல்லாரையும் அதன் ஓரத்தில் நிறுத்துங்கள், கண் கூசாது. மேனுவலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/200, அபெர்ச்சர் எஃப்/11. இது வெயில் படும் கோபுரத்துக்கான கணக்கு. ஃபிளாஷ் அடிக்கும்போது ஷட்டரை இதற்கு மேல் வேகமாக்கினால் பல கேமராக்களில் படத்தில் கறுப்புப் பட்டை விழும். பிறகு ஃபிளாஷை, கேமராவே ஒளியை அளந்துகொள்ளும் டி.டி.எல். முறையில் போட்டு, அளவை மைனஸ் 1 ஆக்குங்கள். முழு அளவில் அடித்தால் முகம் மாவு அப்பியதுபோல வெளுத்து, பாட்டியின் மூக்குத்தி மட்டும்தான் மின்னும்.

கேமராவோடு வரும் பாப்-அப் ஃபிளாஷ் இந்த வெயிலில் ஒன்றரை மீட்டருக்கு மேல் எட்டாது. மொட்டை போட்ட குழந்தையைக் கிட்டே நின்று எடுக்க அது போதும். பத்துப் பேர் நிற்கிற படத்துக்குத் தனி ஃபிளாஷ் வேண்டும். தெரிந்த கல்யாண போட்டோகிராபரிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் உள்ளே, மண்டபத்துச் சிற்பத் தூண்களுக்கு இந்த வித்தை வேண்டவே வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் நேரே அடிக்கும் ஃபிளாஷ் செதுக்கலின் நிழலை அழித்து, கல்லைத் தட்டையாக்கிவிடும். அந்தச் சிற்பிகளின் உழைப்பே அந்த நிழலில்தான் இருக்கிறது.

ஃபிளாஷ் கிடைக்கவில்லையா? காலை எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள்.